முப்பத்தெட்டாவது மாடி

லோயர் பரேல். கயிற்றில் நானும் தவசிக்கனியும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ மீட்டிங்.
தாதரில் தானியம் தின்ற புறாக்கள்
சோம்பலாய்ச் சுற்றித் திரும்பும் நேரம்.

சத்தம்தான் முதலில்.
ஈரத்துணியை ஓங்கி உதறியதுபோல.
எனக்கு மேலே இருந்தது
எனக்குக் கீழே இருந்தது.
நடுவில் அது விழுந்ததை
நான் பார்க்கவே இல்லை.

"பைரிடா" என்றான் தவசி,
கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

ஏ.சி. மேடையில் உட்கார்ந்து பிய்க்கிறது.
அவசரமே இல்லை இப்போது.
கண்ணிலிருந்து கன்னத்துக்கு
மை வழிந்த முகம்.
ஒருமுறை என்னைப் பார்த்தது.
இரையுமில்லை, எதிரியுமில்லை.
இத்தனை மெதுவாய் இறங்குகிற ஒன்றை
எந்தக் கணக்கில் சேர்க்கும்?

வாக்கி கரகரத்தது, கீழிருந்து சாவந்த்:
முப்பத்தெட்டில் கறை தெரியுது, மறுபடி துடை.

துடைத்தேன்.
இரண்டு சொட்டு ரத்தம், கொஞ்சம் தூவி,
சோப்பு நுரையோடு போயின.
ஒரு இறகு மட்டும் ஒட்டிக்கொண்டது.
உள்ளே ஒருத்தி நாற்காலியை விட்டு எழுந்துவந்து
அந்தப் பக்கத்திலிருந்து
அதன்மேல் விரல் வைத்தாள்.

விரலைச் சுற்றி
துடைத்துக்கொண்டு போனேன்.