பதினைந்து கிலோவுக்குள்

முதலில் வாங்கியது வைப்பர் மோட்டர்கள்.
தலவாக்கலைப் பழைய இரும்புக் கடையில்
ஏதோ ஒரு டிப்போ பஸ் விட்டுப்போன ஜோடி.
கண்ணாடியில் மழையைத் தள்ளித் தள்ளியே
ஆயுளைக் கழித்தவை.

அச்சைக் கையால் திருகிப் பார்த்தேன்.
இம்மியும் அசையவில்லை.
உள்ளே புழுப்பல்:
அது சக்கரத்தைச் சுற்றும்,
சக்கரம் அதைச் சுற்ற முடியாது.
கரண்ட் போனாலும் நின்ற இடத்தை விடாது.
அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இரண்டும் சேர்ந்து மூன்றரைக் கிலோ.
களத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போக
பத்து விநாடி.
"அதுக்குள்ள எதிராளி வந்து அடிச்சுட்டு
பிளேன்டி குடிச்சுட்டும் போயிருவான்"
என்றாள் ஃபஸ்மினா.

கினிகத்தேனை வளைவுகளில்
முதல் கியரில் முனகும் லொறிக்குப் பின்னால்
மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.
வேகத்தை விற்றுத்தான் இழுவை வாங்க வேண்டும்.
எவ்வளவு விற்பது,
அதைத்தான் மூன்று வாரம் சண்டைபிடித்தோம்.

தீபாவளி அட்வான்ஸ் வந்தது.
பதினெட்டு வோல்ட் ட்ரில் மெஷின் இரண்டு,
ஒரே கம்பனி, ஒரே நிறம்.
புதிதாகவே உடைத்தோம்.
நிக்சன் கண்ணை மூடிக்கொண்டான்.

கியர்ப்பெட்டிக்குள் நடுவே ஒரு சின்னச் சூரியன்,
அதைச் சுற்றி மூன்று பற்சக்கரக் கோள்கள்,
எல்லாவற்றின் மேலும் கறுத்த கிரீஸ்.
மோட்டர் இருபத்துநாலு சுற்றுச் சுற்றினால்
டயர் ஒரு சுற்று.
கிளட்சின் குண்டுமணிகளை உருவிப்போட்டு
ஆணி வைத்து இறுக்கினோம்.
இனி வழுக்காது.
ஓடும், இல்லை உடையும்.

அட்டை என்று பெயர் வைத்தோம்,
தட்டையாய் இருந்தது, ஒட்டினால் விடாது என்று நம்பினோம்.
லயத்து வாசல் சிமெந்தில் விட்டால்
நேரே போக மனமில்லாமல்
இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து
காணுக்குள் விழுந்தது.
மூன்று முறை, அதே காண்.

ஒன்றையொன்று பார்த்து நிற்கும் மோட்டர்கள்.
இதன் முன்னோட்டம் அதற்குப் பின்னோட்டம்.
ட்ரில் மோட்டரோ
ஒரு திசைக்குக் கொஞ்சம் கூடுதல் விருப்பத்தோடு செய்யப்பட்டது.
பின்மூடியைத் தளர்த்தி
நூலளவு திருப்பினான் நிக்சன்.
இன்னும் நூலளவு.
அன்றிரவு காண் வெறுமையாய் இருந்தது.

எடை மட்டும் தெரியவில்லை.
பகலெல்லாம் நான் கணக்கெழுதும் மடுவத்தின் திறப்பு
என் இடுப்பில் இருந்தது.
கொழுந்துத் தராசில் அட்டையை ஏற்றினோம்.
சிவப்பு எண்கள் தள்ளாடி நின்றன:
பதினைந்து, எண்ணூறு.
கண்டியில் பதினைந்துக்கு மேல் ஒரு கிராம் போனாலும்
திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"எழுது சுகிர்தா," என்றான் நிக்சன்,
"சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ.
பதிமூணு எண்ணூறு."
ஃபஸ்மினா விழுந்து விழுந்து சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமானது.
ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு
இந்தக் கையால்தான் அதை எழுதுகிறேன்.

இரும்புக்கு ஈரம் கிடையாது.
தகட்டில் ஓட்டை போட வேண்டும்,
ஒரு ரூபாய்க் காசு அகலத்தில்,
ஓட்டைக்குப் பத்துக் கிராம், எண்பது ஓட்டை.
அப்போதுதான் உறைத்தது,
ஓட்டை போட எங்களிடம் ட்ரில் இல்லை.
இருந்த இரண்டும் அட்டையின் வயிற்றில்.

மேல்பிரிவுத் தச்சரை எழுப்பி
எதற்கென்று சொல்லாமல் இரவல் வாங்கினோம்.
விடியற்காலை நான்கரைக்கு
பதினாலு, தொள்ளாயிரத்து எண்பது.

பழக்கத்தில் புத்தகத்தை விரித்துவிட்டேன்.
பெயர்: அட்டை.
நிறை எழுதினேன்.
கழிவு என்ற கட்டத்தில்
பேனை சிறிது நேரம் நின்றது,
பிறகு ஒரு சுழியம்.
நான்கு வருடத்தில் அந்தக் கட்டத்தில்
நான் போட்ட முதல் சுழியம்.

பக்கத்தைக் கிழித்து நாலாய் மடித்து
பற்றரிக்கு அடியில் செருகினேன்.
அங்கே கொஞ்சம் ஆட்டம் இருந்தது.