நட்சத்திரக் கணக்கு

சத்துவாச்சாரி, ஃபேஸ் மூன்று, மாடி வீடு.
எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி.
காலை எட்டரைக்கு ஷேர் ஆட்டோவில் வந்திறங்கி
ஒரு தோசை தின்று, குளித்து,
ஜன்னலில் போர்வை கட்டிப் படுத்தால்
பத்தரைக்கெல்லாம் கூரை விழித்துக்கொள்ளும்.

கான்கிரீட்டுக்கு மறதி கிடையாது.
நேற்றைய வெயிலை வட்டியோடு வைத்திருக்கும்.
பின்னாலிருக்கும் மலையும் அதே ரகம்தான்,
பகலெல்லாம் குடித்துவிட்டு
ராத்திரி எங்கள் பக்கம் திரும்பி மூச்சுவிடும்.

கொரோனா காலத்தில் வாங்கியது,
நெற்றிக்கு நேரே பிடிக்கும் தெர்மாமீட்டர்,
அலமாரியில் கிடந்தது.
மல்லாந்து படுத்தபடியே சீலிங்கைச் சுட்டேன்.
எண் வரவில்லை. ‘ஹை’ என்று சிவந்தது.
மனித உடம்புக்கு உண்டான அளவு தாண்டிவிட்டதாம்.
பத்தொன்பது வருஷ சர்வீஸில்
ஒரு நோயாளியின் வயிற்றுக்குள் படுத்தது
இதுதான் முதல் தடவை.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏ.சி.
ஸ்டிக்கர் கிழிந்து
ஒரு நட்சத்திரமும் இன்னொன்றின் கால்வாசியும் மிச்சம்.
ஃபிரிட்ஜ் கதவில் பத்து ரூபாய்த் தாளைச் சொருகி மூடி இழுத்தேன்,
வெண்ணெயில் கத்திபோல் வழுக்கி வந்தது.
ரப்பர் செத்து எத்தனை நாளோ.
இந்த ஊருக்குத் தெரிந்த நட்சத்திரம் வேறு.
மே நாலாம் தேதி வரும்,
இருபத்தைந்து நாள் தங்கும்,
யாரிடமும் ஸ்டிக்கர் காட்டாது.

போன கோடையில் ஐந்நூற்று நாற்பத்தெட்டு யூனிட்.
ஐந்நூறைத் தாண்டினால் கரண்டுக்குக் குணமே மாறிவிடும்.

ஏகாம்பரம் சார் கீழே இருக்கிறார்.
அவர் தலைக்கு மேல் நான், என் தலைக்கு மேல் சூரியன்.
கேட்டுப் பார்த்தேன்.
“கரண்டு பில்லு நீ கட்டுற. கூரை என்னுது.
இதுல நான் எதுக்கும்மா செலவு பண்ணணும்?”
நியாயம்தான்.
கூரை அவர் பேரில்.
அதிலிருந்து இறங்கும் சூடு மட்டும்
எனக்கு எழுதிவைத்தது.

மார்ச் கடைசியில் ஒரு வார ஓய்வு நாள்.
முந்தின ராத்திரியே சுண்ணாம்பை நீற்றிவைத்திருந்தோம்.
வார்டு அட்டெண்டர் தௌலத்தும் நானும்
விடியுமுன்னே மாடி ஏறினோம்.
ஃபெவிகாலைக் கலக்கிக் கலக்கி
அவள் வளையல் எல்லாம் வெள்ளை.
“ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படித்தானே துடைப்போம்” என்றாள்.
இரண்டு கோட்டிங். வெயில் வருவதற்குள் இறங்கிவிட்டோம்.
பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தால்
கண்ணைத் திறக்க முடியவில்லை.
கைப்பிடிச் சுவரில் ஒரு காகம்
இறங்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தது.

மே நாலு, மதியம் இரண்டு.
சீலிங்கைச் சுட்டேன்.
முப்பத்தெட்டு புள்ளி ஆறு.
காய்ச்சல்தான். ஆனாலும் எண் வந்துவிட்டது.
எண் வந்துவிட்டால் எங்களுக்குப் பயமில்லை,
அதை வைத்துத்தான் பிழைப்பு.

ரீடிங் எடுக்க வந்த தம்பி
மீட்டரை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.
“ஊர்ல இல்லையாக்கா?”
நானூற்று முப்பத்தேழு.

அன்று சாயங்காலம் டேங்க் பார்க்கும் சாக்கில்
ஏகாம்பரம் சார் மேலே வந்தார்.
“ஏ.சி. ஓடுதா?”
“இல்ல சார். ஃபேன்தான், ரெண்டுல.”
சுவிட்சைப் பார்த்தார். சீலிங்கைப் பார்த்தார்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்
டீ ஆறும்வரை எழுந்திருக்கவில்லை.
“வீடு நல்லாத்தான் இருக்கு,” என்றார்,
“அடுத்த மாசத்துலேர்ந்து அறுநூறு சேர்த்துக் குடும்மா.”

இரண்டு மாசத்துக்குப் பில்லில் மிச்சம் ஆயிரத்து இருபது.
வாடகையில் கூடியது ஆயிரத்து இருநூறு.
சுண்ணாம்பு, ஃபெவிகால், தௌலத்துக்கு வாங்கிய பிரியாணி
தனி.

மேற்குச் சுவர் இன்னும் பாக்கி.
நாலு மணிக்குமேல் கைவைக்க முடியாது.
அதையும் ஆற்றிவிட்டால்
இன்னும் எவ்வளவு ஏற்றுவார் என்று
படுத்தபடி கணக்குப் போட ஆரம்பித்தேன்.
பாதியில்
தூங்கிவிட்டேன்.