பதினொன்றுக்கு விதி இல்லை

பயிற்சியில் சொன்னார்கள்:
கேள்வி கேட்டதும் வாயை மூடுங்கள்.
மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.
மதியம் பொட்டலத்தில் எலுமிச்சைச் சோறு,
வாழைக்காய்ப் பொரியல்.
எனக்கு அதுதான் நன்றாக நினைவிருக்கிறது.

கடலூர் முதுநகர். ஏழாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
முப்பத்தொரு பேர்.
கரும்பலகையில் ஒரு வட்டம்,
பக்கத்தில் பை ஆர் ஸ்கொயர்.
'ஏன்?' என்றேன்.
'பரப்பளவு ஏன் அப்படி?'

ஒன்று. இரண்டு.
மூன்றில் மின்விசிறி ஒருமுறை தடுமாறியது.
நான்கில் என் நாக்கு எழுந்துவிட்டது.
பத்தொன்பது ஆண்டாக நான்கில்தான் எழும்.
கயிறிழுக்கும் போட்டியில்
இரண்டு பக்கமும் நானே நின்று இழுத்து
நானே ஜெயித்த ஆண்டுகள்.

ஐந்து. ஐஸ் பாக்டரியில் பாளம் உடைக்கும் சத்தம்,
இத்தனை நாளும் இங்கே கேட்டதா?
ஆறு. ஏழு.
துறைமுகச் சந்திப்பில் ஒரு ரயில்
நின்று, யோசித்து, கிளம்பியது.
எட்டில் தேசிங்கு பேனா மூடியைக் கடித்தான்.
பாஞ்சாலி கேட்டாள்:
'என்ன டீச்சர் முணுமுணுக்கிறீங்க?'
'எண்ணுறேன்.'
'எதை?'
பத்து.
பதினொன்றுக்குப் பயிற்சியில் விதி எதுவும் இல்லை.
மணி அடித்தது.

பதில் சொல்லாமல் வகுப்பைவிட்டு வருவது
அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தோடு
பஸ் ஏறுவதுபோல் இருந்தது.

மறுநாள் பாஞ்சாலி சொன்னாள்:
'புக்குல போட்டிருக்கு டீச்சர், அதனால.'
வகுப்பே சிரித்தது.
நான் சிரிக்கவில்லை.
நானும் அதனால்தான் நம்பியிருந்தேன்.

தேசிங்கு கட்டத்தாளில் வட்டம் போட்டு
கட்டம் கட்டமாக எண்ணினான்.
ஓரத்தில் அறுபட்ட கட்டங்களை
அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.
'ஆரத்துல ஒரு சதுரம் போட்டா
அதுமாதிரி மூணுக்கு மேல, நாலுக்குக் கீழ.
அவ்வளவுதான் டீச்சர் தெரியுது.'
அவ்வளவும் சரி.
சரி என்று சொல்லிவிடாதிருக்க
சாக்பீஸை இறுக்கிப் பிடித்தேன். ஒடிந்தது.

வியாழக்கிழமை தாஹிரா எழுந்தாள்.
ஜூனிலிருந்து 'உள்ளேன் டீச்சர்' தவிர
வேறு சொல் தராதவள்.
படகிலிருந்து கழித்துப்போட்ட பச்சைக் கயிறு,
கொசுவத்திச் சுருள் மாதிரி
அட்டைமேல் நெருக்கிச் சுற்றியிருந்தாள்.
அம்மாவின் தையல் கத்தரியால்
விளிம்பிலிருந்து நடுப்புள்ளிவரை
ஒரே நேர்க்கோட்டில் வெட்டினாள்.
கை வலித்திருக்கும், நைலான்.

பிறகு ஒவ்வொரு சுற்றாக எடுத்து
நிமிர்த்தி அடுக்கினாள்.
நீளமானது கீழே. அதைவிடக் குட்டை அதன்மேல்.
அதைவிட, அதைவிட.

ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

'முக்கோணம்டா' என்றது ஒரு குரல்.
'அடியில இருக்கிறது வட்டத்தோட சுத்தளவு.'
'உயரம்?'
'வெட்டுனாள்ல, அந்தக் கோடு. ஆரம்.'
'அப்ப பாதி அடி இன்ட்டு உயரம்...'
அந்த வாக்கியத்தை முடித்தது யார் என்று
இப்போது கேட்டாலும் சொல்ல முடியாது.

பாஞ்சாலி எழுந்துபோய்
கரும்பலகையில் பை ஆர் ஸ்கொயரை அழித்தாள்.
கையைத் தட்டிக்கொண்டு
அதையே மறுபடி எழுதினாள்.

தலைமையாசிரியர் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினார்.
'ஒரு வாய்பாட்டுக்கு நாலு நாளா?'
பச்சை மையில் கையெழுத்திட்டார்.
தரையில் கிடந்த பிசிறுகளைப் பார்த்து
'இதென்ன குப்பை' என்றார்.

பெருக்கும்போதுதான் தாஹிரா கடைசித் துண்டைக் கண்டெடுத்தாள்,
பெஞ்சுக்கடியில் உருண்டு போயிருந்தது.
நகத்தளவு. உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

'மத்ததெல்லாம் நேராச்சு டீச்சர்.
இது நட்ட நடுவுல இருந்தது.
எப்படி அழுத்தினாலும் வளைஞ்சே நிக்குது.
கயிறு இன்னும் மெல்லிசா இருந்தா இதுவும் நேராயிடுமா?
இல்ல, எவ்வளவு மெல்லிசானாலும்
நடுவுல ஒண்ணு வளைஞ்சே மிஞ்சுமா?'

வாயைத் திறந்தேன்.
மூடினேன்.

துடைப்பத்தை யாரோ சுவரில் சாய்த்தார்கள்.
தேசிங்கு தாடையைக் கையில் தாங்கிக்கொண்டான்.
முப்பத்தொரு பேரும் என்னையே பார்த்தபடி,
அவசரமே இல்லாமல்,
உதடு மட்டும் அசைய
எண்ணத் தொடங்கினார்கள்.