இடது காது

விலை ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ஸ்லாட்டி.
விற்றால் எனக்கு முப்பத்தெட்டு.

கதான்ஸ்க் ரயில் நிலையத்துக் கடையில்
ஈரத் தொப்பியைக் கழற்றாமலே கேட்டார் போகுமில்:
"ஒரு காதுக்கு மட்டும் கிடைக்குமா,
பாதி விலைக்கு?"

பேரம் என்று நினைத்துச் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
கப்பல் தகடு தேய்த்துத் தேய்த்து
இருபத்தாறு வருடத்தில் இடது காது போயிற்றாம்.

மாட்டிவிட்டேன். பொத்தானை அழுத்தினேன்.
டிராமின் கிரீச்சிடல்,
ஸ்செச்சின் ரயில் தாமதம் என்ற அறிவிப்பு,
சில்லறைக்குச் சண்டை போடும் பக்கத்து ரொட்டிக்கடை
எல்லாம் அணைந்திருக்கும் அவருக்கு.
கண்ணை மூடிக்கொண்டார்.
விரல்கள் மட்டும் மேசைமேல் கணக்குப் போட்டன:
இத்தனை ஷிஃப்ட்,
இத்தனை மூட்டை நிலக்கரி,
கட்டவேண்டிய முன்பல் இரண்டு.

பிறகு சொன்னார்,
தன் குரலின் அளவு தெரியாமல்,
கடையே திரும்பிப் பார்க்க:
"இடது பக்கம் இன்னும் இரையுது!"

செத்த காதுக்குள் ஓயாத கிரைண்டர்.
அதை அணைக்கும் பொத்தான் பற்றி
பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

கழற்றினார். சட்டைநுனியால் துடைத்தார்.
பெட்டிக்குள் மடித்து வைத்தார்,
என்னைவிட ஒழுங்காக.
"நல்ல சாமான். விலையும் நியாயம்தான்.
என்ன, இருபத்தாறு வருஷம் முன்னாடி
வித்திருக்கணும் நீ."

அப்போது நான் பிறக்கவில்லை என்றேன்.
அதற்குத்தான் கொஞ்சம் சிரித்தார்.

கடை மூடும் நேரம்
விளக்கை அணைத்துவிட்டு
வலது பக்கத்தை மட்டும் காதில் வைத்து நின்றேன்.
இடது காதில் மழை,
கூரைத் தகரத்தில்,
காசில்லாமல்.