பக்கம் 612

இருபத்திரண்டு விசைகள், ஓர் அழுத்தில் ஓர் அசை.
அந்த அறையில் பேசாமலிருக்கச்
சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி. ஹீட்டர் உறுமி
சாட்சிகளின் கடைசிச் சொற்களைத் தின்றது.
"திரும்பச் சொல்லுங்கள்" என்பேன், சொல்வார்கள்.
ஆரின் டீக், வயது முப்பத்தொன்று,
தீவனக் கிடங்கைக் கொளுத்தியதாக வழக்கு.
கொளுத்தினானா? தெரியாது.
கையுறையில் மண்ணெண்ணெய் வாசம் என்றார்கள்.
அங்கே யார் கையுறையில்தான் இல்லை.

நான்கு நாளும் அவன் கூண்டில் ஏறவில்லை.
ஏறாமலிருப்பது அவன் உரிமை,
அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று
ஜூரிக்கு நீதிபதி இருமுறை சொன்னார்.
இருமுறையும் பதிந்தேன்.

ஐந்தாம் நாள் அரசு வழக்கறிஞர் ஆஸ்டர்மன்
கோட்டுப் பொத்தானைப் போட்டபடி எழுந்தார்.
வரி 9: நான்கு நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.
வரி 10: ஒரு வார்த்தை கேட்டீர்களா அவரிடமிருந்து?
வரி 11: நீங்களாக இருந்தால், நானாக இருந்தால்,
வரி 12: கூரை பிய்யக் கத்தியிருக்க மாட்டோமா?

அப்போது ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.
மெர்ல் கபெக், டீக்குக்கு அரசு அமர்த்திய வக்கீல்,
பாதி எழுந்திருந்தார். வாய் திறந்திருந்தது.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது.
கபெக் உட்கார்ந்துவிட்டார்.
வரி 13, மறுபடி ஆஸ்டர்மன்.

பதினான்கு மாதம் கழித்து லிங்கனில் மேல்முறையீடு.
விடுப்பு எடுத்து எண்பது மைல் ஓட்டிப் போனேன்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.
புது வக்கீல் இன்கிரிட் சோர்லி, நெற்றியெல்லாம் வியர்வை,
612ஐ வாசித்தாள்.
அவள் குரலில் ஆஸ்டர்மன் இன்னும் மோசமாக இருந்தார்.

நடுவிலிருந்த நீதிபதி கேட்டார்:
"ஆட்சேபணை எங்கே?"

அவள் புரட்டினாள். 613. 614. பின்னும் 612.
கடைசி வரிசையில் என் மடிமேல்
விரல்கள் தாமாக அசைந்தன,
கிரீச், கிரீச் என்று, இல்லாத விசைகளைத் தேடி.
"பதிவில் இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

தீர்ப்பு தபாலில் வந்தது.
சொன்னது தவறு, சொல்லியிருக்கக் கூடாது.
ஆனால் உரிய நேரத்தில் எவரும் எதிர்க்கவில்லை,
மற்ற சாட்சியமே போதும், தண்டனை நிற்கும்.
பதினோரு பக்கம். அவனுக்குப் பதினோரு வருடம்.

என் பிரதியின் கடைசித் தாளில் ஒரு வாசகம் உண்டு:
இது உண்மையான, முழுமையான பதிவு.
அதன் கீழே என் கையெழுத்து.
உண்மை என்பதற்கு எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

போன திங்கள், ஒரு கன்றுத் திருட்டு வழக்கு.
அரசுத் தரப்பு நிறைவுரை பாதியில் இருக்க
எதிர்ப்பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.
கையை உயர்த்தினேன்.
"வக்கீல் ஏதோ சொல்ல வந்தாரா?"

சொன்னதைத் திரும்பக் கேட்பது என் வேலை.
சொல்லாததைக் கேட்டது அதுவே முதல்முறை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
குனிந்து, என் கேள்வியை
நானே பதிந்துகொண்டிருந்தேன்.