ரப்பர் தவளை

நாலு லாரி ட்யூப், இரண்டு பிளைவுட் பலகை,
மேலே ஒரு பேனர்.
இவ்வளவுதான் எங்கள் கப்பல்.
பேனரில் யாரோ ஒரு குழந்தைக்குக் காதணி விழா.
தை மாதம் விழா முடிந்ததும்
எடைக்கு விழுந்ததை தஸ்தகீர் வாங்கிவந்தான்.
முகத்தை மிதிக்காமல்
முன்னால் நான், பின்னால் அவன்
என்று உட்காரப் பழகிவிட்டோம்.
ஈரம் பட்டால் குழந்தை இன்னும் பளிச்சென்று சிரிக்கிறது.

காவேரிப்பாக்கம் ஏரி, ஏழாம் மதகுக்கு எதிரே.
விடிய இன்னும் அரைமணி.
தூரத்தில் சென்னை ரோட்டு லாரிகள்
விளக்கோடு விளக்கை ஒட்டிப் போகின்றன.
இங்கே துடுப்பு நனையும் சத்தம்கூட
அதிகம் என்கிறான் தஸ்தகீர்.
விஷாரத்தில் ஆறு நாள் மெஷின் இரைச்சலில் தோல் வெட்டுகிறவன்
ஏழாம் நாள் ஓசைக்குக் கஞ்சன்.

என் தூண்டில் கம்பு ஐயாயிரத்து நானூறு.
வீட்டில் ஆயிரத்து இருநூறு என்று சொல்லியிருக்கிறேன்.
மோகனவல்லி நம்பவில்லை,
திரும்பக் கேட்கவும் இல்லை.
வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

நரம்பின் நுனியில் ரப்பர் தவளை.
பச்சை முதுகு, மஞ்சள் வயிறு,
இரண்டு கொக்கியையும் இடுப்போடு மடக்கிவைத்த நல்ல பிள்ளை.
அல்லி இலைமேல் விழும், கொஞ்சம் யோசிக்கும்,
தத்தித் தத்தித் திரும்பி வரும்.
ஆறு ஞாயிறாக அதை நம்பியது நான் மட்டும்தான்.

தண்ணீரில் நின்றே செத்த கருவேலங்களுக்கு நடுவே
ஏரி கொதித்தது.
கொதி இல்லை, குஞ்சுகள்.
செங்கல் தூளைக் கொட்டினாற்போல் ஒரு சிவப்பு.
ஆயிரம் வாய்கள் மேலே வந்து
காற்றைக் கடித்துக்கொண்டு கீழே போயின.
அடியில் தாயோ தகப்பனோ நிற்கும்.
இரண்டுமே நிற்கலாம்.
மேலே எது விழுந்தாலும்
பசி இல்லாமலே கடிக்கும்.
ஏரியில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.
தெரிந்தபின் எறியலாமா என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.

தஸ்தகீர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.
"உன் இஷ்டம்பா."

எறிந்தேன்.

குறி தப்பட்டும் என்றது பாதி மனம்.
அந்தப் பாதி கையில் இல்லை.
சிவப்பின் நடுவில் இறங்கியது தவளை.
ஏரி ஒருமுறை வாயைத் திறந்து மூடியது.

கம்பு வளைய, நரம்பு கட்டைவிரலை அறுக்க,
கப்பல் அரைவட்டம் சுற்றி முள்ளுக்குள் போக,
"ட்யூப்பு! ட்யூப்பு!" என்று கத்தினான்
ஓசைக்குக் கஞ்சன்.

மூன்று கிலோ. குறையவே குறையாது.
குழந்தையின் நெற்றியில் கிடந்து
'அனைவரும் வருக' என்ற எழுத்தை
வாலால் அடித்துக்கொண்டிருந்தது.
தராசைத் தேடினோம்.
செல்போனை மூன்று கவரிலிருந்து உரித்தோம்.
விரால் காற்றையும் குடிக்கும்,
அதற்கு அவசரமில்லை.
எங்களைப் பார்த்தபடி இருந்தது.

குறடை முதலில் எடுத்தவன் தஸ்தகீர்.
கொக்கியைக் கழற்றி
தண்ணீருக்குள் கையை நீட்டி
விட்டுவிட்டான்.
என் மீன் என்று சண்டை போட்டிருக்கலாம்.
கட்டைவிரல் வாயில் இருந்தது.

பிறகுதான் கவனித்தோம்,
காற்று எங்களை ஐம்பது பாகம் தள்ளியிருந்தது.
எந்தக் கருவேலம் என்று தெரியவில்லை,
எல்லாம் ஒரே கருவேலம்.
செங்கல் தூள் எங்கும் இல்லை.
ஒரு நீர்க்காகம் மட்டும்
முங்குவதும் எழுவதுமாக,
சம்பளத்துக்கு வந்த ஆள்போல.

கரையில் எத்திராஜ், ஏலக்காரரின் ஆள்.
"இன்னா கெடச்சிது?"
"ஒண்ணுமில்ல."
என் கையைப் பிடித்து முகர்ந்தார்.
"ஒண்ணுமில்லயா" என்று இருநூறு வாங்கிக்கொண்டு
ரசீதில் 'மீன் இல்லை' என்று எழுதினார்.

ராத்திரி ஷிப்ட்.
சிப்காட் கேட்டில் விரல் வைக்கும் மெஷின்
அறுந்த கட்டைவிரலைத் தெரியாது என்றது.
மீண்டும் வைக்கவும்.
வைத்தேன்.
மீண்டும் வைக்கவும்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
வைப்பதற்கு முன்
இந்தமுறை அதை முகர்ந்து பார்த்தேன்.