எடை பார்க்காத உலோகம்

முதலில் தராசுதான் காட்டிக்கொடுத்தது.
மனாமா தங்கச் சந்தை, மூன்றாவது வரிசை.
ஒரு பஹ்ரைனிப் பெண் கழற்றி வைத்த வளையல்
எட்டு கிராம்.
அந்த எட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு எட்டு
சற்றே சாய்ந்து நின்றது.
வளையலும் இரண்டு. கொடுத்த பெண்ணும் இரண்டு.
இருவருக்கும் சேர்த்து விலை சொல்லிவிடுவேனோ என்று
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பில் போட்டேன்.

மறுநாள் பொத்த வேண்டியிருக்கவில்லை.
மதிய அடைப்புக்குப் பாதி இறக்கிய ஷட்டர் மாதிரி
இடது இமை தானாகவே இறங்கியிருந்தது.

டாக்டர் ஹைதம் சூடான்காரர்.
ஸ்கேனைப் பார்த்துவிட்டு
மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு குழாய் வரைந்தார்,
வளைவில் ஒரு கொப்பளம்.
சைக்கிள் டியூப் என்றேன். ஆமாம் என்றார்.
வெடிக்கவில்லை;
கண் நரம்பை முழங்கையால் இடித்து
முன்கூட்டியே சொல்லியிருக்கிறது.
அவருடைய ஆங்கிலத்தை ஜின்ஸி சிஸ்டர் மலையாளமாக்க,
நான் காயல்பட்டினத் தமிழில் வாங்கிக்கொண்டேன்.
மண்டையைத் திறக்க மாட்டார்களாம்.
தொடையிடுக்கில் ஒரு துளை.
அங்கே நுழைகிற குழல்
வயிறு தாண்டி, நெஞ்சு தாண்டி,
கழுத்தில் ஏறி,
கொப்பளத்துக்குள்
முடியைவிட மெல்லிய சுருளைச் சுற்றிச் சுற்றி இறக்கும்.
பிறகு ரத்தம் வந்தாலும்
உள்ளே சுழல இடமிருக்காது.

என்ன உலோகம்?
தொழில் புத்தி, கேட்டுவிட்டேன்.
பிளாட்டினம்.
எத்தனை கிராம்?
அவர் சிரித்தார். இதை நீளத்தில் அளப்பார்களாம்,
சென்டிமீட்டர் கணக்கில்.
இருபத்திரண்டு வருஷத்தில்
எடை கேட்காமல் பிளாட்டினம் வாங்குகிற ஆளை
இப்போதுதான் பார்க்கிறேன்.

ராத்திரி ரமீலாவுக்குப் போன் போட்டேன்.
இன்ஷூரன்ஸ் கடிதம் வந்துவிட்டது என்றேன்.
அழுகையை மறைக்க, "செய்கூலி எவ்வளவு?" என்றாள்.
நானும் சிரித்தேன்.
"சேதாரம்?"
கையெழுத்துப் போட்ட தாளில்
நூற்றுக்கு இத்தனை பேருக்கு என்று ஒரு வரி இருந்தது.
கொஞ்சம் உண்டு, என்றேன்.
அதற்குப் பிறகு அவள் மூச்சு மட்டும்தான்
கேட்டுக்கொண்டிருந்தது,
கார்டில் காசு தீரும்வரை.

ஐந்து சுருள்.
நான் மயக்கத்தில் கிடக்க
ஒவ்வொன்றாக உறையைக் கிழித்து
எண்ணை உரக்க வாசித்துக் கொடுத்தது ஜின்ஸிதானாம்.
எங்கள் நகைக்கு முத்திரை, இதற்கு எண்.
ஸ்டிக்கர்களைக் கோப்பில் ஒட்டிவிட்டு
எனக்கு ஓர் அட்டை தந்தார்கள், பர்ஸில் வைக்க.
காலை மடக்காமல் ஆறு மணி நேரம் படுத்திருந்தேன்.
ஜன்னலில் ஒரு கிரேன் திரும்பியது.
ஒரே ஒரு கிரேன்தானா என்று
எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திருச்சி கஸ்டம்ஸில் மணி அடிக்குமா, ரமீலா கேட்கிறாள்.
அடிக்காதாம்.
ஊருக்கு நான் கொண்டுவருவதில்
வரி கேட்காத முதல் சரக்கு.
உருக்க முடியாது. அடகு வைக்க முடியாது.
மகள் கல்யாணத்துக்கு எடுத்துத் தரவும் முடியாது.
ஆம்பிளைக்குத் தங்கம் ஆகாது என்று
கை மூளியாகவே தங்கம் விற்றவன்
இப்போது ஒன்று அணிந்திருக்கிறேன்,
கண்ணாடியிலும் தெரியாத இடத்தில்.

கபனுக்குப் பை இல்லை என்பார்கள் ஜும்ஆ பயானில்.
எனக்கு ஒன்று இருக்கிறது, பட்டாணி அளவில்.
நல்லவேளை, அதை அடைத்துவிட்டார்கள்.

ஒன்பதாவது வாரம் இமை ஏறியது.
அதே பெண் ஜோடி வளையலோடு வந்தாள்.
தராசு எட்டு என்றது.
நான் கொஞ்சம் காத்திருந்தேன்,
பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கிறதா என்று.
"என்ன," என்றாள் என் முகத்தைப் பார்த்து,
"விலை இறங்கிவிட்டதா?"